விரதத்தில் புகுந்த கரடி

வாழ்நாளில் நான் திட்டமிட்ட ஒரே வேட்டை, பின்லாந்துக்குப் போய்க் கரடி சுடுவது. அதற்கு முன் நான் துரத்திய பெரிய மிருகம், டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்ட் அடுக்குமாடியில் எங்கள் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்த ஓர் எலி. அதுவும் தப்பிவிட்டது.

மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நான் டென்மார்க்கில் இருந்தேன். விண்ணப்பம் எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பார்கள்.

எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையின்றி அடுத்த தரிப்பிடத்துக்கு நடப்பேன். பாதி வழியில் பஸ் என்னைக் கடந்து போகும். தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, அதை மறந்து இன்னொன்று ஊற்றுவேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்தவர் என்னைவிட மூத்தவர், சமையலில் கெட்டிக்காரர். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சமையலறையில் நின்றபடி சொல்வார்: "தம்பி, நீ இந்தக் குசினிக்கை நடந்த நடையை நேர் ரோட்டிலை நடந்திருந்தா இப்ப கொழும்பிலை நிண்டிருப்பாய்."

நான் வேலை செய்தது பன்றி இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில். மனைவியிடம் 'ஏற்றுமதித் துறை' என்று சொல்லியிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற டெனிஷ்காரரை நாங்கள் நெட்டையர் என்போம். கதவுக்குக் கதவு குனிந்து நடக்கிற மனிதர். வேட்டைப் பைத்தியம். ஒருநாள் மதிய இடைவேளையில் சொன்னார்: "மே மாதத்தில் பின்லாந்தின் கிழக்கே கரடிகள் குகையை விட்டு வரும். அங்கே என் நண்பன் அனுமதி எடுத்து வைத்திருக்கிறான். காரில் ஓர் இடம் இருக்கிறது. வருகிறாயா?"

அவர் முடிக்குமுன் ஓமென்றுவிட்டேன். எரிமலைக்குள் இறங்கப் போகிறோம் என்றிருந்தாலும் ஓமென்றுதான் சொல்லியிருப்பேன்.

அகதிகளுக்குக் கொடுத்த நீலப் பயணப் புத்தகம் என்னிடம் இருந்தது. இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. ஆக, சட்டப்படி நான் கரடியிடம் போகலாம். மனைவியிடம் போக முடியாது.

நெட்டையர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். ஒரு மூலை சுருளாமல் அண்ணை பருப்புச் சட்டியைத் தூக்கி வைத்தார். ஹெல்சிங்கோரில் கப்பல் ஏறி, சுவீடனைக் குறுக்கே கடந்து, மறுபடி கப்பல் ஏறி, பிறகு ரஷ்ய எல்லைப் பக்கம் காடு காடாகப் போவது. வேட்டை அனுமதி இல்லாததால் எனக்குத் துவக்கு கிடையாது. அவருக்குப் பக்கத்தில் இருந்து தூரநோக்கியால் பார்க்க வேண்டும். மற்றப்படி அசையாமல் இருக்க வேண்டும். எனக்கு வராத ஒரே வேலை அது.

"சுட்டுப்போட்டு இறைச்சியை என்ன செய்வினம்?" என்று அண்ணை கேட்டார்.

"பங்கு போடுவினமாம்."

"கரடி சூடோ, குளிரோ எண்டு கேள்."

எந்த உணவு உடம்புக்குச் சூடு, எது குளிர் என்ற எங்கள் சாத்திரத்தை டெனிஷில் விளக்க முயன்றேன். நெட்டையர் யோசித்துவிட்டு, "சுட்ட உடனே என்றால் சூடாகத்தான் இருக்கும்" என்றார். அண்ணை அதை நம்பாமல், குளிராகவே இருந்தாலும் சமாளிக்க மிளகும் உள்ளியும் கூடப் போடுவதாக முடிவெடுத்தார்.

பயிற்சிக்காக ஒரு சனிக்கிழமை பக்கத்துக் காட்டுக்குப் போனோம். காடு என்றால் மனிதர் வரிசையாக நட்டு வளர்த்தது. நெட்டையர் என்னை ஒரு மரக்குற்றியில் இருத்தி, "ரோலி" என்றார். அமைதியாக இரு என்று அர்த்தம். டென்மார்க்கில் எனக்கு அதிகம் சொல்லப்பட்ட சொல் அது. முதலில் கால் கடித்தது. பிறகு முதுகு. பிறகு, விண்ணப்பத்தில் ஒப்பம் வைத்தேனா இல்லையா என்ற சந்தேகம் கடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு முயல் வந்தது. "அங்கை பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். முயல் அடுத்த ஊரான டோஸ்ட்ருப் பக்கம் ஓடிய ஓட்டத்தில் இன்றுவரை நின்றிருக்காது.

நெட்டையர் என் ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தார். "இது என்ன?"

"நெத்தலிக் கருவாடு."

"கரடிக்கு ரஷ்யாவிலேயே உன்னைத் தெரிந்துவிடும்."

ஜாக்கெட்டை பல்கனியில் காயப் போட்டேன். ஆனாலும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியில் நானும் எங்கேயோ போகப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கொழும்பிலிருந்து தொலைபேசியில் எடுத்தபோது முதல் வேலையாக அதைச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "கரடி மச்சமெல்லோ?"

"கரடி கரடிதான்."

"நான் பிள்ளையாருக்கு நேத்தி வைச்சிருக்கிறன். நான் அங்கை வந்து சேருமட்டும் நாங்கள் ரெண்டு பேரும் மச்சம் மாமிசம் தொடமாட்டம் எண்டு."

"ரெண்டு பேருமோ? எனக்குச் சொல்லேல்லையே!"

"முன்கூட்டிச் சொன்னா பலிக்காதெண்டு அம்மா சொன்னவ. உங்களுக்குத் தானா மனசிலை படுமெண்டு நினைச்சன்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் ஒண்டும் தின்னேல்லைத்தானே?"

அடுப்பில் அண்ணையின் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கொழும்பில் மழையா என்று அவசரமாகக் கேட்டேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். இவ்வளவு காலமும் என் மனைவியின் விசாவை நானே கோழிக்கறியோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தேனா?

தொலைபேசியை வைத்ததும் அண்ணையிடம் தீர்ப்புக் கேட்டேன். "தொழிற்சாலையிலை பண்டியைக் கையுறை போட்டுத்தான் தொட்டனி. அது கணக்கில்லை," என்றார். "கோழி கணக்கு. கரடி பெரிய கணக்கு. சுடேல்லை, பக்கத்திலைதான் இருந்தனான் எண்டு பிள்ளையாரிட்டைக் கதை விடேலாது."

நான் படித்தவன், மூடநம்பிக்கை இல்லாதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அன்றிரவு பருப்போடு சாப்பிட்டேன். மறுநாள் நெட்டையரிடம் போய், வரமாட்டேன் என்று காரணத்தையும் சொன்னேன்.

"யானைத் தலையுள்ள கடவுளுக்காகக் கரடியை விடுகிறாயா?"

"ஓம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "சரிதான். யானை கரடியை விடப் பெரியது," என்றார். பிறகு தோளில் தட்டி, "மனைவி வரட்டும். கரடி எங்கேயும் போகாது."

அவர்கள் போன வாரம் நான் வரைபடம் இல்லாமலே வழி முழுவதும் கூடப் போனேன். இப்போது கப்பல், இப்போது சுவீடன் என்று குசினிக்குள் நடந்தேன். திரும்பி வந்த நெட்டையர், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கரடி இறைச்சியில் ஒரு துண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அண்ணை மிளகும் உள்ளியும் போட்டு வைத்தார். வாசனை படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டு டெனிஷ் கிழவியை மேலே கூட்டிவந்தது. எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிட்டார்கள். நான் சோற்றுக்குப் பருப்பு விட்டுக்கொண்டு, "எப்படி?" என்றேன்.

"சூடு," என்றார் அண்ணை, வியர்வையைத் துடைத்தபடி.

மறுவருஷம் மனைவி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பிறகு தின்னேல்லைத்தானே?" நான் மெலிந்த கோலமே சாட்சி. சுவாமிப் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தோம். அன்று மாலையே அவள் கோழி வாங்கச் சொன்னாள்.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. தமிழ் அகதிகளான எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே கிடப்பில் போட வைத்திருந்தாராம். டெனிஷ்காரர் அதைத் தமிழர் வழக்கு என்றார்கள். விசாரணை நடந்து, முடிவில் அரசாங்கமே கவிழ்ந்தது. அன்று அண்ணை பத்திரிகையோடு ஓடிவந்தார்.

"தம்பி! உன்ரை கோழியிலை பிழை இல்லையாம்!"

எனக்கு ஒரு பெரும் பாரம் இறங்கியது. மனைவி பக்கம் திரும்பினேன். "பார்த்தீரோ? நான் சும்மா கரடியை விட்டனான்."

அவள் கறியைக் கிளறியபடி நிமிராமலே கேட்டாள்: "அப்ப அரசாங்கம் கவிண்டது ஆரின்ரை நேத்தியாலை எண்டு நினைக்கிறியள்?"