முதுகில் போடும் ஊசி

என் மகளுக்குத் தலைப்பிரசவம் என்றதும் எங்கள் வீட்டில் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊசியைப் பற்றித்தான் பேசினார்கள். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து ஏற்றுவார்களாம். போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரம்மா அதை விளக்கிச் சொன்ன அன்றே, தனக்கு அதுதான் வேண்டும் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்ததை மறுபடி முடிவு செய்ய வீடே கிளம்பிவிட்டது.

மருமகனுக்குக் கார் நிக்கோபார் தீவில் வேலை. கப்பல் கிடைத்தால்தான் வருவான். அவனுடைய அம்மா மட்டும் மதுரையிலிருந்து தினமும் வீடியோ காலில் வந்துவிடுவார்.

"நான் மூணு பெத்தேன் சம்பந்தி. ஒரு ஊசி போட்டேனா? முதுகுல குத்துனா ஆயுசுக்கும் இடுப்பு வலி போவாது."

என் மனைவி இந்தப் பக்கம் தலையாட்டுவாள். கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் ஒரே கட்சி.

மகள் போனை வாங்கினாள். "அத்தை, உங்களுக்கு இப்ப இடுப்பு வலி இருக்கா?"

"ஏன் கேக்குற, படுத்துற பாடு..."

"நீங்கதான் ஊசியே போடலையே?"

அன்று போன் சீக்கிரம் வைக்கப்பட்டது. மறுநாள் காலையில் மறுபடி வந்தது.

டாக்டரம்மா எங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "நிஜ வலின்னு தெரிஞ்சதும் கிளம்பி வந்துடுங்க. கடைசி நேரத்துல ஓடி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அதைக்கூட எங்களால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. முதல் தப்பு என்னுடையதுதான். எங்கள் வீடு பாம்பூஃப்ளாட்டில். ஆஸ்பத்திரிக்கு ஃபெர்ரி ஏறி அக்கரை போக வேண்டும். ரோட்டு வழி என்றால் பெரார்கஞ்சைச் சுற்றிக்கொண்டு அரை நாள். மருமகன் முன்கூட்டியே சொன்னான், "மாமா, கடைசி ரெண்டு வாரம் அக்கரையில, ஜங்லிகாட்ல ரூம் எடுத்து இருங்க" என்று. நான் அந்த ஃபெர்ரியில் முப்பது வருஷம் கயிறு கட்டியவன். எனக்கே ஃபெர்ரியைப் பற்றிச் சொல்கிறானா என்று ரோஷம். "இருபது நிமிஷம் மாப்ள, கொண்டு போய் நிறுத்திருவேன்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு தடவை பெங்காலிப் பெண் ஒருத்திக்கு ஃபெர்ரியிலேயே குழந்தை பிறந்ததையும், இஞ்சின் ஓட்டுகிறவன் தன் வேட்டியைக் கிழித்துக் கொடுத்ததையும், அந்தப் பையன் பெரியவனாகி எங்களிடமே டிக்கெட் எடுக்காமல் போனதையும் ஆற அமரச் சொன்னேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வலி ஒரு காலை எட்டு மணிக்கு வந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மனைவி அடுப்படியில் நின்றாள். சீரகக் கஷாயம்!

"குடிச்சுப் பாக்கட்டும். பொய் வலின்னா அடங்கும், நிஜ வலின்னா கூடும்."

கஷாயம் கொதித்து, ஆறி, மகள் குடித்து முடிப்பதற்குள் ஒரு ஃபெர்ரி போய்விட்டது. அது போதாதென்று விளக்கெண்ணெயைச் சுட வைத்து முதுகு, இடுப்பு எல்லாம் தேய்த்தாள். இன்னொன்றும் போய்விட்டது.

"அம்மா, கூடுதும்மா."

"இரு, இன்னும் கொஞ்சம் பாப்போம்."

"கூடுனா நிஜ வலின்னு நீதானம்மா சொன்ன!"

படகுத்துறைக்குப் போனால் ஃபெர்ரி கட்டியே கிடக்கிறது. மெயின்லேண்ட் கப்பல் ஒன்று உள்ளே வருகிறதாம், அது தாண்டும்வரை விட மாட்டார்களாம். நான் கயிறு கட்டிய காலத்திலும் இப்படி நிறுத்தியிருக்கிறோம், நியாயம்தான். ஆனால் அன்றைக்கு நியாயமாகப் படவில்லை. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுயி மத் லகானா, பேட்டி" என்றாள். ஊசி போட்டுக்கொள்ளாதே மகளே என்று அவள் பங்குக்கு. மகள் வலிக்கு நடுவிலும் திரும்பி, "ஆப் சுப் ரஹியே, ஆன்ட்டி" என்றாள், நீங்கள் சும்மா இருங்கள் என்று. அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் சம்பந்திக்கும் இந்தி தெரிந்திருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மனைவியை உள்ளே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவின் குரல் வராண்டா வரைக்கும் கேட்டது.

"யாரு இவ்வளவு எண்ணெய் தேச்சது? பிளாஸ்டர் ஒட்டலையே!"

குழாயை முதுகோடு சேர்த்து ஒட்ட வேண்டுமாம். விளக்கெண்ணெயில் எது ஒட்டும்? துடைக்கிறார்கள், துடைக்கிறார்கள், மகள் கத்துகிறாள். நர்ஸ் ஓடிப் போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் அள்ளிக்கொண்டு வந்தாள். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு என் மனைவியை, கஷாயத்தை, கப்பலை, என் வாயை, ஒவ்வொன்றாகத் திட்டினேன்.

பிறகு சத்தம் நின்றது. மனைவி வெளியே வந்தாள். கை இன்னும் எண்ணெய்ப் பிசுக்காகத்தான் இருந்தது.

"போட்டாச்சா?"

"ம்."

சாயங்காலம் மதுரையிலிருந்து போன்.

"ஊசி போட்டாங்களா? ஐயோ, நீங்க சொல்லலையா சம்பந்தி?"

"எட்டு மாசமா சொன்னேன்" என்றாள் மனைவி. கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "புள்ள உள்ள நர்சுகிட்ட சிரிச்சுப் பேசிட்டு இருக்கா. இவளப் பெத்த அன்னிக்கு என் வாயில துணி வச்சு அடைச்சாங்க சம்பந்தி, கத்தாதேன்னு."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "சரி வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

துணி வைத்தது எனக்குத் தெரியாது. எங்கள் மகளுக்கு முப்பது வயது ஆகிறது. இத்தனை வருஷத்தில் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

"இங்க நின்னு என்னைப் பாக்காதீங்க" என்றாள். "போய் டீ வாங்கிட்டு வாங்க. சக்கரை இல்லாம."

போனேன். திரும்பி வருவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.