வெர்னா வாசலில் ஆறு குப்பைத்தொட்டிகள்

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்த நேரத்துக்குள் வெர்னா ஹுடாக் கைப்பையை நாலு தடவை திறந்து மூடிவிட்டாள். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம், பெற்ற பிள்ளைகளே தொடக் கூசிய உடம்புகளைக் குளிப்பாட்டியவள். இன்று குற்றம் சாட்டப்பட்டவளாக நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச்சில் ஒரு விடிகாலை போலீஸ் அவள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. நைட்டியோடு அவளைச் சுவரோரம் கைதூக்கி நிற்கவைத்துவிட்டு வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். தேடி வந்த போதைப்பொடி ஒரு சிட்டிகைகூட இல்லை. அகப்பட்டதெல்லாம் செத்துப்போன புருஷன் ஸ்டீவின் வலி மாத்திரைகள், பதினொன்று. எறிய மனசு வராமல் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள், பைத்தியக்காரி. அடுத்தவர் பெயருக்கு எழுதிய மாத்திரையை வைத்திருந்தது குற்றமாம். குற்றம் நிரூபணமானால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

வாசல் தொட்டியில் இருந்த ஒரு குப்பைப் பையில் பொடி ஒட்டிய உறைகள் கிடைத்தன என்று துப்பறியும் அதிகாரி கெஸ்லர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்துத்தான் அந்தச் சோதனை வாரண்டையே வாங்கியிருந்தார்.

"வாரண்ட் செல்லாதுன்னு ஆயிட்டா மாத்திரையும் சாட்சியா நிக்காது, வெர்னாம்மா," என்று அரசாங்கம் கொடுத்த வக்கீல் டெல்ஃபின் காதோடு சொன்னாள். "நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க."

பிறகு எழுந்து சாட்சிக் கூண்டில் நின்ற கெஸ்லரைப் பார்த்தாள். "அன்னிக்கு அந்த வாசல்ல எத்தனை தொட்டி சார் இருந்துச்சு?"

"சிலது இருந்துச்சு."

"சிலதுன்னா? ஒண்ணா, ஆறா?"

கெஸ்லர் தண்ணீர் குடித்தார். "ஆறு."

"அத ஏன் எழுதல?"

"எல்லாம் அந்தம்மா வாசல்லதானே இருந்துச்சு!"

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. "அட பாவி மனுஷா! குப்பை லாரி எங்க மேட்டுல ஏறாது. மேல இருக்குற அஞ்சு வீடும் என் வாசல்லதான் கொண்டாந்து வைக்கும். ஊருக்கே தெரியுமே!"

நீதிபதி மேசையைத் தட்டினார். போச்சு, என் வாயாலேயே கெட்டேன் என்று வெர்னா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அந்தப் பையில இவங்க பேர் போட்ட காகிதம் ஏதாவது இருந்துச்சா?" டெல்ஃபின் விடவில்லை.

"இல்ல."

"ஆறு வீட்டுக் குப்பைய ஒரு வீட்டுத் தலையில கட்டுறதா?" என்றார் நீதிபதி. "இந்த விஷயத்த மறைக்காம எழுதியிருந்தா எந்த நீதிபதியும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். வாரண்ட் செல்லாது."

வெர்னா டெல்ஃபினின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் பை எந்த வீட்டுடையது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

குப்பை லாரி வரும் வியாழக்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். வெர்னா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"அடியே வெர்னா, நான்தான் ரீட்டா, மேட்டு வீட்டுக்காரி! தொட்டிய உன் வாசல்லயே வைக்கட்டுமா?"

"வைடி," என்றாள் வெர்னா. கைகளைக் கீழே இறக்க அவளால் முடியவில்லை.