ஒன்பதாவது பெயர்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவன் நான். அதற்கு மேல் எதையும் எழுதச் சோம்பல். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வாடிப்பட்டி கால்பந்து டீமின் கோச், முன்பு அதே டீமில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக்காக ஆடியவர். இரண்டு வருடத்துக்கு முன் இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. "மறுபடி கிழிஞ்சா வண்டி ஓட்டுறத மறந்துருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குப் பிழைப்பே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிதான். தினமும் மதுரை மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போவார். அதனால் பூட்ஸைக் கழற்றிவிட்டு விசிலை மாட்டிக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? போனில் ஒரு பழைய இத்தாலி ஆட்டக்காரரைப் பற்றிப் படித்தேன். கால்பந்து அந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆடியவர். அப்போதெல்லாம் மாற்று ஆள் இறக்க முடியாது. அடிபட்டவன் நொண்டிக்கொண்டே ஓரமாக நிற்பான். இவரும் அப்படி நின்றவராம். பிறகு கோச் ஆகி, ஊர் ஊராக டீம் மாறிப் பயிற்சி கொடுத்து, ஆள் குறைந்த நாளில் தானே இறங்கியும் ஆடினாராம்.

அதைக் கோச்சிடம் வாசித்துக் காட்டினேன்.

"அண்ணே, அந்தாளு நொண்டிக்கிட்டே ஆடிருக்காரு. நீங்க ஒத்த முட்டிக்கே விசில் ஊதப் போயிட்டீகளே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். பிறகு போனை வாங்கி, அந்த ஆளின் படத்தையே பார்த்தார். "எத்தன வயசு வரைக்கும் ஆடுனாராம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் ஏழு பேர் ஆடும் போட்டி. முகூர்த்த நாள் வேறு. ஆட்களில் பாதிப் பேர் கொட்டாம்பட்டிக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட, எட்டுப் பேர்தான் வந்தோம். படிவத்திலோ ஒன்பது பெயர் வேண்டும். பேனா என் கையில். ஒன்பதாவதாகக் கோச்சின் பெயரை எழுதி, வயதில் ஐந்தைக் குறைத்தும் போட்டேன்.

முதல் பாதியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகி, எட்டாவது ஆள் இறங்கினான். இரண்டாம் பாதியில் இன்னொருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆட்டம் சமநிலை. தரை ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. நடுவர் படிவத்தைப் பார்த்து, "ஒம்பதாவது ஆளு இருக்காருல்ல, எறங்கச் சொல்லுங்க" என்றார்.

கோச் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"யாருடா எழுதுனது?"

"வெளாட்டுக்குண்ணே. நாங்க ஆறு பேரே ஆடிக்கிறோம்."

"எழுதிட்டேல்ல?" என்று செருப்பைக் கழற்றினார். "அவன் பூட்ஸக் குடு."

பத்து நிமிடம் ஆடினார். ஒரு பந்தைக்கூட விடவில்லை. கடைசியில் டைபிரேக்கரில் ஜெயித்தோம். அவரைத் தூக்கப் போனபோது, "தொடாதீகடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பும்போது வண்டியையும் அவரே எடுத்தார். நாங்கள் பின்னால் கோப்பையைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்தோம். நாலுவழிச் சாலை ஏறிய பிறகும் வண்டி இரண்டாவது கியரிலேயே கத்திக்கொண்டு போனது.

"அண்ணே, யானைக்கு மதம் புடிச்சிருச்சா?" என்று கத்தினேன்.

இடது காலால் கிளட்சை மிதிக்க அவரால் முடியவில்லை என்பது என் கூட்டாளியான கோல்கீப்பருக்குத்தான் முதலில் புரிந்தது. பாட்டு ஒவ்வொரு ஆளாக நின்றது. சமயநல்லூர் பக்கம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஓரமாக நின்றது. அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இடது முட்டி பேண்டுக்குள் உப்பி, துணி இறுகிக் கிடந்தது.

இன்று ஸ்கேன் எடுத்தார்கள். ஜவ்வு மறுபடி கிழிந்திருக்கிறது. வண்டி மூன்று நாளாக அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. என்னை அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இதை எழுதிக் கோல்கீப்பருக்கு அனுப்பி, "அண்ணன்ட்ட வாசிச்சுக் காட்டவா மாப்ள?" என்று கேட்டேன். பதில் வந்தது:

"நீ வாசிச்சுக் காட்டுனது போதும் மாப்ள, லைசென்ஸ் இருக்குல்ல, நாளைக்குப் பூ லோடுக்கு அவரு வண்டிய நீ எடு."