நத்தை போடும் கை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வளர்ப்பு மீன் விற்பவர் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறைய விபூதி. தொட்டியில் நத்தையைப் போடும்போதெல்லாம் சந்நிதியில் நிற்பவரைப் போல ஈரக்கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

காய்ச்சலில் கிடந்து எழுந்த என் மகள், பயந்தால் பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் கேட்டாள்.

"பெருசு வேணாங்க, வெரல கடிச்சிரும். சின்ன தொட்டிக்குப் பட்டாணி சைஸ் பேத்தை ஒண்ணு போதும். ஆனா தீவனம் தொடாது. உயிரோட நத்தை போடணும்" என்றார்.

எங்கள் தொட்டி இருப்பது சாமி அலமாரிக்குக் கீழே. மீன்குழம்பு கொதித்தாலே அலமாரித் திரையை இழுத்துவிடும் வீடு எங்களுடையது.

"சாமி பாக்க கொல்றதாங்க? பாவம் எம்பொண்ணு தலையில வுழுந்தா?"

"போடலன்னா மீனு பட்டினியா செத்துரும். அதையும் சாமி பாத்துகினுதான இருக்கும்?"

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"பயந்துகினேதாங்க போடறேன்."

பட்டாணி மீனையே வாங்கினேன். தொட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். இருந்தும் நத்தையைப் போடும்போதெல்லாம் மகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரு தொட்டிதான். கடை நிறையத் தொட்டி வைத்திருக்கும் அவர், ஒரு நாளைக்கு எத்தனை முறை பயப்படுகிறாரோ.