செசிலியின் செய்திப் பலகை

ஆம்பூரில் பேரணாம்பட்டு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சகாயமாதா கோயில் இருக்கிறது. அதன் கேட்டில் தொங்கும் கரும்பலகையில் முன்பெல்லாம் பூசை நேரம் மட்டும்தான் இருக்கும். அதை ஊரே நின்று படிக்கிற பலகையாக்கியவள் செசிலி. ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. நாற்பத்தாறு வயது. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு.

தொடக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையில் மன்றாட்டு வாசிக்க அவளை நிறுத்தியிருந்தார்கள். புத்தகத்தில் உள்ளபடி திருச்சபைக்காகவும் நாடாளுபவர்களுக்காகவும் வாசித்து முடித்தவள், கீழே இறங்காமல் அங்கேயே நின்றாள். காலையில் வடை சுற்றி வந்த பேப்பரில் படித்த ஒரு செய்தி அவள் மனதைவிட்டுப் போகவில்லை.

"வாணியம்பாடி ஏரியில முழுகப் போன ரெண்டு பிள்ளைங்கள ஒரு லாரி டிரைவர் குதிச்சுக் காப்பாத்தியிருக்காரு. அவரு பேரு பேப்பர்ல போடல. உமக்குத் தெரியும் ஆண்டவரே. அவர நல்லா வச்சிரும்."

கோயிலில் சிரிப்பு எழுந்தது. ஆனாலும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்ற பதில், அன்றைக்கு மற்ற எந்த மன்றாட்டுக்கும் வராத சத்தத்தோடு வந்தது.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை இருதயநாதன் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு விழப்போகிறது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே போனாள். அவர் ஒரு சாக்பீஸ் டப்பாவை நீட்டினார்.

"கேட்டுல போர்டு சும்மாதானே தொங்குது? தினமும் ஒரு செய்தி, ஒரு ஜெபம். எழுதுறியா?"

மறுநாளே எழுத ஆரம்பித்தாள். கம்பெனி பஸ் ஏழேகாலுக்கு. ஏழு மணிக்கெல்லாம் எதிர் டீக்கடையில் ரஃபி அகமது பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அரசியல் பக்கத்தை அவள் புரட்டுவதே இல்லை. மூலையில் நாலு வரியில் கிடப்பவர்கள்தான் அவளுக்கு வேண்டும். பயணி தவறவிட்ட நகைப்பையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்த கண்டக்டர். ஐம்பத்திரண்டு வயதில் பத்தாம் வகுப்பு தேறிய பீடி சுற்றும் அம்மாள். கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற மறுநாள், "கடைசி ஓவரில் கேட்சை விட்ட பையன் இன்றாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும்" என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டு ரஃபி டீ கிளாஸோடு ரோட்டைக் கடந்து வந்தார்.

"ராத்திரி பூரா அவனத் திட்டிக்கினு இருந்தேன்க்கா. இப்ப பாவமாப் போச்சு. நானும் துஆ கேக்குறேன்."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பூர்ணிமா விடாமல் நச்சரிப்பாள். "சீரியல்ல அந்தப் பொண்ணு படுற பாட்டுக்கு ஒரு வரி எழுதுக்கா." "அது கதைடி!" என்று செசிலி மறுத்துவிடுவாள். ஒருநாள் மனம் இளகி, "டிவியில் தினமும் அழுது நடிக்கும் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சிரிக்க வேண்டும்" என்று எழுதினாள். அன்று பஸ் முழுக்கக் கைதட்டியது.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை பேப்பரில், ஒடுகத்தூர்ப் பக்கம் யானை மிதித்து ரத்தினசாமி என்ற விவசாயி பலி என்று வந்திருந்தது. செசிலி கண் கலங்கிப்போய், அவருடைய ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று எழுதினாள். அன்று மாலை கோயிலில் ஜெபமாலையே அவருக்காகத்தான் ஒப்புக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பலகையைத் துடைக்கத் துணியோடு வந்தால், அதன் முன்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றார்.

"இத எழுதுனது யாரும்மா?"

"நான்தாங்க. பாவம், யானை மிதிச்சிட்டுதாம். உங்களுக்குச் சொந்தமா?"

"நான்தாம்மா அந்த ரத்தினசாமி."

செசிலியின் கையிலிருந்து துணி நழுவியது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவருடைய தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"யானை தொரத்துச்சு, மெய்தான். நான் புளியமரத்து மேல ஏறிக்கினேன். கீழ விழுந்த என் சட்டையும் செருப்பும் அதும் கால்ல மாட்டி நாசமாப் போச்சு. அதப் பாத்துட்டு எவனோ நியூஸ் குடுத்துட்டான். கேட்டா, நியூஸ் தப்புன்னு ஒரு வரி போடுறேன்னு சொல்றான் பேப்பர்காரன். எம் பொண்ணு இங்கதான் தோல் பதம் பண்ற ஷாப்புல வேல செய்யுது. நேத்து உங்க போர்டப் பாத்துட்டு போன் பண்ணி, 'யப்பா, நீ செத்துட்டியா?'ன்னு என்னயே கேட்டு அழுவுது!"

செசிலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்புப் பண்ணிட்டேங்க. மன்னிச்சிருங்க."

"அட, அதுக்கு வரலம்மா." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணத் தவிர இங்க எனக்கு ஒருத்தரயும் தெரியாது. எனக்காகச் சாமி கும்பிட்டாங்களாமே, மெய்யா?"

"அம்பது பேராவது உக்காந்து ஜெபமாலை சொன்னோங்க."

"அதெல்லாம் வீணாப் போச்சா அப்ப?"

செசிலி யோசிக்கவே இல்லை. "வீணாப் போவுமா? உங்க கணக்குல ஏறிடுச்சி. இனிமே செலவு பண்ணிக்கினே இருங்க."

பெரியவர் சிரித்த சிரிப்பில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. ரஃபி ஓடி வந்து விஷயம் கேட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் கூடிவிட்டார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பூர்ணிமாவும் மற்றப் பெண்களும் ஜன்னலில் தலையை நீட்ட, டிரைவரும் இறங்கி வந்தார். அத்தனை பேரும் பார்த்திருக்க, செசிலி பெரிய எழுத்தில் எழுதினாள்: "ரத்தினசாமி உயிரோடு இருக்கிறார். ஆண்டவருக்கு நன்றி."

"யானைக்கும் ஒரு வரி போடும்மா. பசியிலதான் வந்துச்சு" என்றார் பெரியவர். அதையும் எழுதினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு வேர்க்கடலையோடு அவர் பூசைக்கே வந்துவிட்டார். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்து எல்லாம் செய்தார். மன்றாட்டு நேரத்தில் ஃபாதர் அவரை எழுப்பி அறிமுகப்படுத்தியதும், கோயிலே கைதட்டிச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த செசிலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது வாரம் தவறாமல் ரத்தினசாமி போன் செய்கிறார். பேப்பரில் வராத சேதியெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. பலகையில் ஒடுகத்தூருக்கென்று தனி இடமே விட்டிருக்கிறாள் செசிலி. போன திங்கட்கிழமை அதில் எழுதியிருந்தது: "பெருமாள் வீட்டுப் பசு இரட்டைக் கன்று ஈன்றது. மூன்றும் நலம். தாய்க்குப் பால் குறையாமல் இருக்க வேண்டும்."

டீக்கடை வாசலில் நின்று ரஃபி அதைச் சத்தமாகப் படித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆமீன் என்றார்கள்.