காயாத சிவப்பு

என் அத்தை ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலரைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். ஆபரேஷன் அறையிலிருந்து வண்டி வண்டியாக வருகிற விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, எது பச்சைத் தண்ணீருக்கு, எது சோடாவுக்கு என்று தள்ளிவிடுவது அவள் வேலை. வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும் என்பாள். ஒரு மணி நேரக் கறையா, நேற்றையதா, போன வாரத்ததா என்று தொடாமலே சொல்வாள்.

பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியபோது அவள்தான் அழைத்துப்போய் அங்கேயே மடிப்பு மேஜையில் நிறுத்தினாள். முதல் வாரமே வெளுத்த விரிப்பில் சிவப்பு மையைக் கொட்டிவிட்டு, "அத்தே, ரத்தம் போகவே மாட்டேங்குது!" என்று அலறினேன். கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை. "எந்தப் பேனா செத்துச்சு?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் ஊழியர் ஓய்வறையில் படம் ஓடும். எக்ஸ்ரேக்காரர் கொண்டுவருவார். எல்லாம் பேயும் கொலையும்தான். பாதியில் நிறுத்தி டீ. அப்போது ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரன் யார் என்று எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சரியாகச் சொன்னவருக்கு, அந்த அறையில் இருக்கிற ஒரே மெத்தை நாற்காலி. நான்கு மாதமாக அது அத்தையை விட்டு அசையவில்லை. "அவன் சட்டையில தெறிச்ச கறை. துடைச்ச கறை இல்ல. வெட்டும்போது பக்கத்துல நின்னிருக்கான்" என்பாள். முடிந்தது கதை.

பிறகு மருந்து கவுன்ட்டருக்குப் புதிதாக ஓர் அக்கா வந்தாள். அவள் கறையைப் பற்றிப் பேசவில்லை. "கூண்டுல பறவை இல்ல பாருங்க. இந்த வீட்டுல இருந்து யாரோ ஓடப்போறாங்க" என்றாள். ஓடினார்கள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இரண்டு வாரம் தொடர்ந்து அவளுக்கே நாற்காலி. ஆம்புலன்ஸ் டிரைவர் முதல் டீயை அவளிடம் நீட்டினார். அத்தை பிளாஸ்டிக் நாற்காலிக்கு இறங்கினாள்.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி துணியை மிதித்த மிதியில் பாவம், என் சட்டைப் பொத்தான்கள் இரண்டு உருகின.

"கூண்டு காலின்னா பறவை பறந்துபோச்சுன்னு அர்த்தம். இதுக்குக் கைதட்டா?"

"விடு அத்தே."

"அவ வெள்ளைக் கோட்டைப் பாத்தியா? ஒரு பொட்டுக் கறை இல்ல. வேலை செய்யிறவ கோட்டா அது?"

எனக்கும் வயிறு எரிந்தது. இரண்டு வாரமாக அத்தை என்னைத் திட்டவே இல்லை. எனக்குச் சேரவேண்டிய திட்டெல்லாம் மருந்து அக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஜப்பான் படம். பனி கொட்டும் மலையில் பெரிய வீடு, ஒரு கிழவர், மூன்று மகள்கள், ஒரு வேலைக்காரி. தோட்டத்தில் ஒரு சிவப்புப் பூ பனியின்மேல் விழுந்தது. "இதழ் இதழா உதிரல, முழுசா விழுது. யாருக்கோ கழுத்து போகுது" என்றாள் மருந்து அக்கா. அடுத்த காட்சியில் கிழவருக்குப் போனது. சும்மா போகவில்லை. குழாய் உடைந்ததுபோலச் சுவர், கூரை, மீன்தொட்டி எல்லாவற்றிலும் ரத்தம் பீய்ச்சியடித்தது. டிரைவர் கடித்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். அத்தை மட்டும் முன்னால் சாய்ந்து, "ஒரு ஆளுக்குள்ள இவ்வளவு கிடையாது. இது மூணு பேரோடது" என்றாள். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் இன்னும் பூவிலேயே இருந்தார்கள்.

கிழவரின் வெள்ளை அங்கியை ரத்தத்தோடு அப்படியே மாட்டிவைத்திருந்தார்கள். போலீஸ்காரரும், பிறகு வீட்டில் ஒவ்வொருவராகவும் வந்து அதைப் பார்த்தார்கள். டீக்காகப் படம் நின்றதும் அத்தை என் காதைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"படம் எடுத்தவனுக்குத் துணியே தெரியலடா. போலீஸ்காரன் பாக்கறப்ப கறை பழுப்பா இருக்கு. சரி, மூணு நாள் ஆச்சு. ரெண்டாவது பொண்ணு பாக்கறப்ப பச்சை ரத்தமா செவந்து கிடக்கு. மூத்தவ வந்தா மறுபடி பழுப்பு. பொறுப்பில்லாத பய!"

அந்தப் பக்கம் மருந்து அக்கா பேசிக்கொண்டிருந்தாள். "வெட்டறதுக்கு முன்னாடி கிழவர் சொன்னது கீழ எழுத்துல ஓடுச்சே, 'உன் கண்ணில் இது காயாது'ன்னு. அது சாபம் இல்ல, துப்பு. செஞ்சவங்களுக்கு மட்டும் அந்த ரத்தம் காயவே காயாது. ஆனா யாருன்னுதான் பிடிபடல. வேலைக்காரின்னு எழுதறேன்."

எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அத்தையும் படிக்கமாட்டாள், நானும் படிக்கமாட்டேன். இப்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. என் காதில் அவள் பிடி இறுகியது. கறை மாறுவதை மருந்து அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை வாயைத் திறந்தாள். அதற்குள் டிரைவர், "மாத்திரையம்மா சொன்னா தப்பாது" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது. பரீட்சையில் மறைப்பதுபோல உள்ளங்கையால் மறைத்துச் சீட்டை எழுதினாள்.

படம் முடிந்தபோது, அத்தை எழுதியபடியே இரண்டாவது மகள்தான். ஒரே கைதட்டல். "எப்படிக்கா?" என்றார் எக்ஸ்ரேக்காரர். "துணியைப் பாத்தேன்" என்றாள் அத்தை. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஆனால் செருப்புக்குள் கல் போன மாதிரி இருந்தது அவள் முகம்.

எல்லோரும் கலைந்த பிறகு மருந்து அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு."

"என்னைப் பாத்தா? உனக்கா?"

"நீங்க கண்ணைத் திறந்து பாக்கறீங்க. எனக்கு ரத்தம்னாலே ஆகாது. வெட்டு வந்தா மூடிக்குவேன். திறக்கறப்ப பூவும் கூண்டும்தான் மிச்சம் இருக்கும். அதை வச்சு எதையாவது சொல்லி ஒப்பேத்தறேன். அந்த அங்கியை நான் ஒரு தடவைகூடப் பாக்கல."

அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இந்தா, பாதி உன்னோடது. காயாதுன்னு நீ சொன்னப்புறம்தான் எனக்கு விளங்குச்சு. கலர் மாறுனதை வேணும்னுதான் சொல்லாம விட்டேன்."

"ஏன்க்கா?"

"வயித்தெரிச்சல். வேற என்ன?"

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. நான் ஒருத்தன் அங்கே டீக் கோப்பைகளோடு நிற்பதை இருவருமே மறந்துபோனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மெத்தை நாற்காலியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. அதுவரை அத்தைக்குப் பக்கத்து இடம் என்னுடையது. நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். முன்னால் குசுகுசுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. "மூடிக்கோ... இரு, இன்னும் ஒழுகுது... ம், இப்ப திற." பதிலுக்கு அவள், கீழே ஓடிய எழுத்தை அத்தையின் காதில் படித்தாள். படத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படம் முடிந்ததும் எக்ஸ்ரேக்காரர் சீட்டுகளைப் பிரித்தார். என்னுடையதை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

"யாருப்பா இது? கொலைகாரி மருந்து கவுன்ட்டர் அக்கான்னு எழுதியிருக்கு?"