யார் சொன்னது என்று கேட்ட திலகவதி

திலகவதி மிஸ் காலமாகிவிட்டார் என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பழைய காரியாலய நண்பர்களின் குழுவில் அவருடைய படத்தைப் போட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். போட்டவருக்கு அழைத்தேன். அவருக்கு வேறொருவர் அனுப்பினாராம். அந்த வேறொருவருக்கு இன்னொருவர். மாத்தளை பஸ் நிலையத்தின் இரைச்சலுக்குள் நின்றுகொண்டு, நான்காவது அழைப்பில் அவருடைய தம்பியைப் பிடித்தேன். "ஆமாங்க. விடியகாலம் நான் பக்கத்துலதான் இருந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டே போயிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நம்பினேன். அவரோடு வேலை செய்த காலத்தில் என்னோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, வாங்கில் உட்கார்ந்து அழுதேன்.

இதை வாசிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிளகும் கறுவாவும் பயிரிடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதும், அவர்களுக்கான கையேடுகளை எழுதுவதும் எங்கள் வேலை. அவரும் நானும் ஒரே தரம், எதிரெதிர் மேசை. யார் எதை எழுதினாலும் அச்சுக்குப் போகுமுன் அவர் கையில் ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவோம். முதுகுக்குப் பின்னால் அவரை 'அடிக்குறிப்பு அம்மா' என்போம். அது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் என் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலில் ஏழாவதாக இருந்த நூலைத் தொட்டுக்காட்டி, இதன் அட்டை என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன். பயிர்ச்செய்கை நூல் வேறு என்ன நிறத்தில் இருக்கும்? அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தட்டச்சில் அடித்து ஓரத்தில் குத்திய பழைய தாள்கள். அட்டையே இல்லை. வேறொருவரின் பட்டியலைப் பார்த்து நான் அப்படியே இறக்கி வைத்திருந்தேன். "வாசிக்காததப் போடாதீங்க. இத நம்பி ஒருத்தர் தேடிக்கிட்டு வருவாரு" என்றார். காரியாலயமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பாடம் எனக்கு அன்று ஏறவில்லை. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் செபமாலை என்ற தொழிலாளி மிளகு வளர்த்திருந்தார். சுற்றிலும் மற்றவர்களுடைய கொடிகள் வாடிக் கிடக்க, அவருடையவை மட்டும் தளதளவென்று நின்றன. கொடியின் அடியைத் தடிப்பாகத் தழை போட்டு மூடுவதாகச் சொன்னார். எந்தத் தழை, எப்போது என்று அவர் விளக்கத் தொடங்கியபோது வானம் இருட்டிவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான் இறங்கி ஓடினேன். மிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, அவர் சொல்லச் சொல்ல எழுதினார்.

அந்த வாரமே நான் கட்டுரையை முடித்தேன். அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை. தழை மூடும் முறையை என்னுடைய வெளிக்கள அவதானிப்பு என்று எழுதியிருந்தேன். செபமாலையின் பெயர் எங்கும் இல்லை. மிஸ் வாசித்துவிட்டு, இது அவர் சொன்னதுதானே என்று மட்டும் கேட்டார். தோட்டத் தொழிலாளியின் பெயரை உசாத்துணையில் போட்டால் பரீட்சகர்கள் சிரிப்பார்கள் என்றேன். இன்று எழுதவே கை கூசுகிறது. அவர் கட்டுரையை மடித்துத் தந்தார்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கட்டுரை துண்டுப்பிரசுரமாகி மாவட்டம் முழுக்கப் போனது. கொஞ்ச காலத்தில், மூடுவதற்கு ஏற்ற தழைகளைப் பற்றி மிஸ் எழுதிய சிறு குறிப்பு எங்கள் காலாண்டிதழில் வந்தது. அதன் அடியில், 'தகவல்: செபமாலை, தொழிலாளி, இரத்தோட்டை, நேரில் சொன்னது' என்று இருந்தது. என்னைக் குத்திக்காட்டவே இப்படிச் செய்தார் என்று மாதக்கணக்கில் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாரியில், வயலோரத் தாழ்நிலங்களில் என் பிரசுரத்தைப் பார்த்துத் தழை மூடியவர்களின் கொடிகள் வேர் அழுகிச் சாய்ந்தன. ஒரு சிங்கள அம்மா அழுகிய கொடியொன்றை வேரோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்து, இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். மேலிடத்திலிருந்தும் விசாரணை வந்தது. முறை பிழையா, செய்த இடம் பிழையா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. என் வேலைக்கே ஆபத்து என்ற நிலை. எதிர் மேசையிலிருந்து மிஸ் எழுந்து வந்தார். கையில் அந்தக் காலாண்டிதழ் இருந்தது. "வாங்க, அவருகிட்டயே போய்க் கேப்போம்" என்றார்.

செபமாலை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "எங்களுது சரிவு, ஐயா. தண்ணி நிக்காம ஓடிரும். தண்ணி நிக்கிற காணியில இப்புடி மூடினா வேரு அழுகத்தான் செய்யும். யாராச்சும் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். மிஸ்ஸும் தலைகுனிந்து, தாழ்நிலத்தைப் பற்றித் தனக்கும் கேட்கத் தோன்றவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டார். செபமாலையின் மனைவி எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

திரும்பி வந்ததும் திருத்தத்தை எழுதினேன். செபமாலையின் பெயரைப் போட்டேன், என் பிழையையும் சொன்னேன். மிஸ்ஸிடம் காட்டியபோது ஓரத்தில் ஒரு வசனம் எழுதித் தந்தார். அதையே கடைசி வரியாகச் சேர்த்தேன்: 'சொன்னவரின் பெயரை எழுதிவையுங்கள், நாம் பிழைவிட்டால் திரும்பிப் போய்க் கேட்பதற்கு வேறு வழி இல்லை.' திருத்தம் போய்ச் சேர்ந்ததும் பலர் தழையை அகற்றி, மிச்சக் கொடிகளைக் காப்பாற்றினார்கள். அந்தச் சிங்கள அம்மாவின் கொடிகள் பிழைக்கவில்லை.

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. உத்தியோகத்தர் பயிற்சிகளில் அதைத் திரையில் போட்டு, கீழே என் பெயரைப் போட்டார்கள். கைதட்டினார்கள். நான் மறுக்கவில்லை. அப்படி ஒரு பயிற்சியில் மிஸ்ஸும் பின்வரிசையில் இருந்தார். தேநீர் இடைவேளையில் அவரிடம் போய், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொல்லி என்ன? அத நீங்கதான் சொல்லணும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவர் ஓய்வு பெற்றார். நோயில் விழுந்தார். வைத்தியசாலையில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மிளகைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வசனம் என்னுடையது அல்ல. அதை எழுதியவர் திலகவதி. என் திருத்தப் பிரதியின் இடது ஓரத்தில், பென்சிலால், சற்றே சாய்ந்த கையெழுத்தில் எழுதினார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். பயிற்சிகளில் இனி அந்த வசனத்தைக் காட்டுகிறவர்கள் தயவுசெய்து என் பெயரை எடுத்துவிட்டு அவருடைய பெயரைப் போடுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் மாத்தளைக்கு என் வீட்டுக்கு வாருங்கள். தாளை எடுத்துக் காட்டுகிறேன்.